நிலத்துக்கு இசைந்த இல்லம்

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த ஊர் கோவிந்தாபுரம். ஒருபுறம் முதலமடையின் மாந்தோப்புகள். மறுபுறம் வானளாவிய மலைத்தொடர். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று வீசும். இத்தகைய எழில்மிகு இடங்களில் ஓய்வில்லம் கட்டிக்கொள்ள நகரத்தார் விரும்புவது இயல்பே. ஆயினும், இயற்கையை நாடி வருவோர் எழுப்பும் வீடு அவ்வியற்கையையே அழித்துவிடலாகாது.

இன்று பலர் முதலில் மரங்களை வெட்டுகின்றனர்; மேட்டைத் தோண்டிச் சமதளம் ஆக்குகின்றனர்; அதன்பின் கண்ணாடிச் சுவர்களை எழுப்புகின்றனர். கோடையில் கண்ணாடி வழியே புகும் வெப்பம் வீட்டினுள்ளேயே தங்கிவிடுகிறது. அதைத் தணிக்கக் குளிர்சாதனக் கருவி இரவும் பகலும் இயங்க வேண்டியுள்ளது. காற்றை நாடி வந்தவர், காற்று நுழையாத அறைக்குள் அடைபட்டு வாழ்கிறார்!

இதற்கு மாற்றுவழி காட்டியவர் லாரி பேக்கர். 1917ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த இக்கட்டடக் கலைஞர், இந்தியாவையே தம் நாடாக ஏற்றுக்கொண்டவர். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருத்தல் வேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்து இவர் உள்ளத்தில் பதிந்தது. 1960களில் இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் வாழ்ந்த இவர், பின்னர்த் திருவனந்தபுரத்தில் குடியேறினார். அங்கே பாறைகள் நிறைந்த சரிவு ஒன்றில் தம் இல்லத்தை அமைத்தார். நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அவ்வீடு படிப்படியாக வளர்ந்தது. செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையை இவர் பரப்பினார். அதனால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். சுவரின் உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். 1990ஆம் ஆண்டு இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

கோவிந்தாபுரத்து மாந்தோப்பில் எழும் புதிய இல்லமும் இவ்வழியில் அமையலாம். மரங்களுக்கு இடையே உள்ள வெற்றிடமே வீட்டின் வடிவத்தை முடிவு செய்யட்டும். அகன்ற இறவாரம் வெயிலையும் சாரலையும் தடுக்கும். திண்ணை, முற்றம், துளைச்சுவர் ஆகியவை காற்றை உள்ளே அழைத்து வரும். இவை பழமையின் அடையாளங்கள் மட்டுமல்ல. இன்றைய வீட்டுக்கும் தேவையான அறிவு.

'பணம் கொடுத்து வாங்கிய நிலத்தில் விரும்பியவாறு கட்டுவதில் தவறென்ன?' என்று சிலர் கேட்கலாம். நிலத்துக்கு எல்லைக்கல் உண்டு. மழைநீருக்கு அது இல்லை. மலைச்சரிவின் அடிப்பகுதியைச் செங்குத்தாக வெட்டினால், மேலுள்ள மண் தன் தாங்குதலை இழக்கும். மரம் வீழ்ந்தால் மண்ணைப் பற்றிய வேரும் அழியும். பெருமழையில் ஊறிய மண் சரியும்போது, துன்பம் மேலே கட்டியவரோடு நின்றுவிடாது. கீழே வாழ்பவரையும் சேரும்.

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் உறவினருமே. அச்சரிவுக்குக் காரணம் ஓய்வில்லம் அன்று; கடும் மழையே. எனினும், மலை சரிந்தால் உயிரிழப்போர் யார் என்பதை அத்துயரம் உணர்த்திவிட்டது.

ஆண்டில் சில நாள் தங்குவதற்காகக் கட்டப்படும் வீடு, ஆண்டு முழுவதும் அடிவாரத்தில் வாழ்வோரின் உறக்கத்தைக் கெடுக்கலாகாது. நிலத்தை வீட்டுக்கு ஏற்ப மாற்றுவதை விட, வீட்டை நிலத்துக்கு ஏற்ப அமைப்பதே அறிவுடைமை. அதுவே அறமும் ஆகும்.