திங்கள் எண்ணங்கள்: ஆயிரம் நடையும் ஒரு நடையும்

சென்ற ஆடித் திங்களில் ஓர் இரவு. மணி ஒன்பதைக் கடந்திருந்தது. நம் உறுப்பினர் ஒருவரின் தாயாருக்கு மறுநாள் காலை அறுவைச் சிகிச்சை செய்வதென மருத்துவர்கள் முடிவு செய்திருந்தனர். பி நெகட்டிவ் வகை இரத்தம் கொடுக்க இரண்டு பேர் வேண்டுமென்றும் சொல்லிவிட்டனர். அவ்வகை இரத்தம் நம் நாட்டில் அரிதென்பதை அன்பர்கள் அறிவர். உற்றார் உறவினர் யாவரும் ஆயிரம் கல்லுக்கு அப்பால் ஊரில் இருக்க, அந்த அன்பர் நம்பியது நம் சங்கத்தின் வலைத்தளத்தையே. அதில் குருதிக் கொடையாளர் பக்கம் ஒன்று இருக்கிறது. அதைத் தொடங்கிய நாளில் விழா எடுத்து, மாலை சூட்டி, இவ்விதழிலும் படம் போட்டோம்.

அன்பர் செல்பேசியில் அப்பக்கத்தைத் திறந்தார். சிறு சக்கரம் ஒன்று சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. அரை நிமிடம் சென்றபின் பக்கம் கிடைக்கவில்லை என்ற அறிவிப்பு வந்தது. மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் அதுவே. பிறகு செயலாளரை அழைத்தார். செயலாளர் அழைத்தது, நம் மாதர் பிரிவின் முன்னாள் தலைவியாரை. எழுபத்தெட்டு வயது நிரம்பிய அவ்வம்மையார் அலமாரியிலிருந்து நீண்ட கணக்கு நோட்டு ஒன்றை எடுத்தார். இரத்த வகை ஒவ்வொன்றுக்கும் தனிப் பகுதி. ஒவ்வொரு பகுதியிலும் வட்டார வாரியாகப் பெயர்கள். பி நெகட்டிவ் பக்கத்தில் நான்கு பெயர். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. பதினொரு மணிக்குள் இருவர் மருத்துவமனை சேர்ந்தனர். அந்தத் தாயார் இப்போது நலமாக இருக்கிறார்.

நிற்க. நோட்டு வென்று கணிப்பொறி தோற்றது எவ்வாறு என்ற கேள்வி நம்மை விடவில்லை. அடுத்த ஞாயிறன்று கூடிய செயற்குழுவில் இதுவே பேச்சாயிற்று. சர்வரை இன்னும் பெரிதாக வாடகைக்கு எடுக்க வேண்டும் என்றார் ஒருவர். தரவுத்தளத்தில் எல்லாப் பத்திகளுக்கும் இன்டெக்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்றார் ஓர் இளைஞர். நிரலையே தூக்கி எறிந்து வேறு மொழியில் எழுதலாம் என்றார் மற்றொருவர். ஒவ்வொரு யோசனைக்கும் நம் பொருளாளரின் முகம் சிறிது சிறிதாக வாடியது. கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண், நம் உறுப்பினர் ஒருவரின் பேத்தி, மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிபவர், எழுந்து, "மாமா, செலவு செய்வதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கொடுங்கள், எத்தனை முறை போய் வருகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றார். எண்ணுவதற்குச் செலவில்லையே என்று பொருளாளர் உடனே இசைந்தார்.

நம் வலைத்தளம் ஜாங்கோ என்னும் கட்டமைப்பின்மேல் எழுந்தது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில், 2003ஆம் ஆண்டில் அது உருப்பெறத் தொடங்கிற்று. 2005இல் உலகோர் அனைவருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயரையே அதற்கு இட்டனர். அச்சுக்கு நேரமாகிவிட்டது என்று நாள்தோறும் அலறும் இடத்தில் பிறந்த கருவியாதலின், வேலையை விரைவில் முடிக்க உதவுவதே அதன் இயல்பு. நாமும் ஓர் இதழ் நடத்துவதால் இச்செய்தி நமக்கு ஒரு தனி உவகை தருகிறது.

அவ்விரைவு எங்கிருந்து வருகிறது? தரவுத்தளத்தோடு பேச எஸ்.க்யூ.எல். என்றொரு மொழி உண்டு. எட்கர் காட் என்பார் 1970இல் வெளியிட்ட கட்டுரையில் வகுத்த நெறியிலிருந்து பிறந்தது அது. என்ன வேண்டும் என்பதை மட்டும் அம்மொழியில் சொன்னால் போதும். எவ்வழியே தேடுவது என்பதைத் தரவுத்தளமே தீர்மானித்துக்கொள்ளும். ஜாங்கோ இன்னும் ஒரு படி மேலே போய், அந்த மொழியையும் நாம் எழுத வேண்டியதில்லை என்கிறது. பைத்தான் மொழியில், கொடையாளர், அவருடைய வட்டாரம், வட்டாரத்தின் பெயர் என்று புள்ளி வைத்து எழுதினால், அதுவே வினவலாக மாற்றி, தரவுத்தளத்துக்கு அனுப்பி, விடையைக் கொணர்ந்து தருகிறது. எழுதுபவருக்கு எவ்வளவு வசதி! வினை அவ்வசதியிலேதான் ஒளிந்திருந்தது.

ஜாங்கோ சற்றே சோம்பல் குணமும் உடையது. கேட்டவுடன் தரவுத்தளத்துக்கு ஓடாது. விடை மெய்யாகத் தேவைப்படும் நொடியில்தான் புறப்படும். கொடையாளர் பட்டியலைக் கேட்டபோது கொடையாளரை மட்டும் கொண்டுவந்தது. பக்கத்தை வரையும்போது முதற்பெயரின் அருகே அவருடைய வட்டாரத்தை எழுத வேண்டும். அது கையில் இல்லை. மறுபடி ஒரு நடை. கடைசியாக இரத்தம் கொடுத்த நாளும் வேண்டும், இன்னொரு நடை. இரண்டாம் பெயருக்கும் அவ்வாறே இரண்டு நடை. நம் ஏட்டில் கொடையாளர் 640 பேர். பட்டியலுக்கு ஒன்று, வட்டாரத்துக்கு 640, நாளுக்கு 640; ஆகமொத்தம் 1281 நடை. நம் நிரல் ஓரிடத்திலும் தரவுத்தளம் வேறோரிடத்திலும் வாடகைக்கு இருக்கின்றன; ஒரு முறை போய்வர ஏறத்தாழ 25 மில்லிநொடி ஆகிறது. பெருக்கிப் பார்த்தால் 32 நொடி. சர்வரோ 30 நொடிக்கு மேல் எந்தப் பக்கத்துக்கும் காத்திருப்பதில்லை என்ற ஏற்பாட்டில் இருந்தது. அந்த இரவில் சக்கரம் சுழன்று நின்ற இரகசியம் இவ்வளவே.

இதை 'என் பிளஸ் ஒன்' என்று அத்துறையினர் வழங்குவர். நமக்கு இது புதிதன்று. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவரிடம் நாம் எப்படிச் சொல்லியனுப்புகிறோம்? அப்பளம், வடகம், நன்னாரி வேர், மாமியார் தைத்து வைத்திருக்கும் குழந்தையின் பாவாடை என்று ஒரே தாளில் எழுதி, சட்டைப்பையில் வைத்தனுப்புகிறோம். அப்பளத்துக்கு ஒரு முறை இரயிலேறி வந்து, வடகத்துக்கு மறுபடி இரயிலேறு என்று எவரையும் ஏவுவதில்லை. கடையில் நிற்கும் நேரம் ஐந்து நிமிடந்தான். காலத்தை விழுங்குவது பயணம். தரவுத்தளம் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மில்லிநொடிக்குள் விடை சொல்லிவிட்டது. அதன்மீது குற்றமே இல்லை. பெரிய சர்வரை எடுத்திருந்தாலும் 1281 நடை 1281 நடையாகவே இருந்திருக்கும். வாடகை மட்டும் ஏறியிருக்கும்.

நிரலை எழுதிய இளைஞர்கள் இதை ஏன் காணவில்லை என்று சிலர் கடிந்துகொண்டனர். அது முறையன்று என்பது நம் கருத்து. எழுதும் காலத்தில் அவர்களிடம் இருந்தது பத்துப் பெயர் கொண்ட ஒத்திகை ஏடு. தரவுத்தளமும் அதே மடிக்கணினியில் இருந்தது. இருபத்தொரு நடை கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். சமையற்காரர் பத்துப் பேருக்குச் செய்து பார்த்த கூட்டு, பந்தியில் அறுநூறு பேருக்கு ஆகும்போதுதான் அடிபிடிக்கிறது. ஜாங்கோ டீபக் டூல்பார் என்று ஒரு துணைக்கருவி உண்டு; பக்கத்தின் ஓரத்தில் நின்று, எத்தனை வினவல் போயிற்று, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று காட்டும். அந்தப் பெண் செய்ததெல்லாம் உண்மை ஏட்டின் நகல் ஒன்றைத் தம் கணினியில் வைத்து, அக்கருவியை மாட்டி, எண்ணைப் படித்ததே.

திருத்தம் எவ்வாறு நடந்தது என்பதையும் சொல்லிவிடுவோம். வேறு ஊர்ச் சங்கத்தார்க்கும், கடை கண்ணி நடத்தும் அன்பர்க்கும் உதவக்கூடும். முதலில், வடிகட்டும் வேலை இடம் மாறியது. பழைய நிரல் 640 பேரையும் அழைத்து வந்து, ஒவ்வொருவரையும் விசாரித்து, பிறகே பி நெகட்டிவ் யார் என்று பொறுக்கிற்று. அவ்வகையினரை மட்டும் தருமாறு தரவுத்தளத்தையே கேட்டதும், பெயர்கள் பதினொன்றாயின. நடை இருபத்து மூன்றாயிற்று. நேரம் அரை நொடிக்குச் சற்று மேல். இத்தோடு நிறுத்திவிடலாமே என்றார் பொருளாளர். ஓ பாசிட்டிவ் பக்கத்தைத் திறந்து காட்டினார் அந்தப் பெண். அங்கே இருநூற்றுப் பத்துப் பேர், 421 நடை, பத்து நொடிக்கு மேல். பொருளாளர் வாய் மூடிக்கொண்டார்.

அடுத்து, செலக்ட் ரிலேட்டட் என்னும் ஏவல். கொடையாளருக்கு வட்டாரம் ஒன்றுதான். எனவே இரண்டு ஏடுகளையும் தரவுத்தளத்திலேயே இணைத்து, ஒவ்வொரு பெயரோடும் அவர் வட்டாரத்தை ஒட்டியே கொண்டுவா என்பது அதன் பொருள். ஒருவருக்குப் பல உறவுகள் இருக்குமிடத்தில், அதாவது ஓர் உறுப்பினர், அவர் பல ஆண்டுகளில் கட்டிய சந்தாக்கள் என்பது போன்ற இடத்தில், ப்ரீஃபெட்ச் ரிலேட்டட் பொருந்தும். அது உறுப்பினரை ஒரு நடையிலும், அவர்கள் அனைவரின் சந்தாவையும் மற்றொரு நடையிலும் கொணர்ந்து, இங்கே வைத்துப் பொருத்தும்; எத்தனை ஆயிரம் பேரானாலும் இரண்டு நடைதான். நமக்கோ பழைய கொடைகள் எல்லாம் வேண்டியதில்லை. கடைசி நாள் ஒன்றே போதும். ஆதலின் அந்த நாளையும் கணக்கிட்டு, ஆடவர்க்கு 90 நாளும் பெண்டிர்க்கு 120 நாளும் கடந்திருக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்து, ஒரே வினவலாக்கினார். 1281 நடை ஒன்றாயிற்று. பக்கம் இப்போது அரை நொடிக்குள் வருகிறது.

எல்லாப் பத்திக்கும் இன்டெக்ஸ் கேட்ட இளைஞரை மறந்துவிடக் கூடாது. அவர் அதைச் செய்தும் பார்த்தார். கடுகளவும் பயன் இல்லை. காரணத்தைத் தரவுத்தளமே சொல்லும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் என்ற சொல்லை வினவலின் முன் இட்டால், தான் போன வழியையும் எடுத்த நேரத்தையும் அது விரித்துரைக்கும். 640 பெயர் கொண்ட சிற்றேட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டுவதே எளிது என்று கண்டு, அடைவைத் தொடாமலே விட்டிருந்தது. நான்கு பக்கத் துண்டுப் பிரசுரத்துக்கு யார் பொருளடைவு பார்ப்பார்?

ஆனால் குறுஞ்செய்திப் பதிவேட்டில் அவர் வாக்கு பலித்தது. பல ஆண்டுகளாக உறுப்பினர்க்கு அனுப்பிய ஒவ்வோர் அறிவிப்பும் அங்கே பதிவாகி, ஆறு இலட்சம் வரிகளைத் தாண்டியிருந்தது. ஒரு செல்பேசி எண்ணுக்குப் போனவற்றைக் கேட்டால் ஆறு இலட்சத்தையும் படித்துத் தீர்த்தது. அந்தப் பத்திக்கு ஓர் அடைவு இட்டதும் நான்கைந்து தாவலில் எண் கிட்டுகிறது. பி-ட்ரீ எனப்படும் அந்த அமைப்பை பேயர், மெக்ரைட் என்னும் இருவர் 1972இல் விளக்கி எழுதினர். இன்றளவும் பெரும்பாலான தரவுத்தளங்கள் அதையே நம்பியிருக்கின்றன. ஒன்று மட்டும்: அடைவு கூடுந்தோறும் புதிய வரி எழுதும் வேலையும் கூடும். ஆகவே பயனற்ற மற்றவற்றையெல்லாம் அவரே நீக்கிவிட்டார்.

நம் பெயர்களால் வரும் ஒரு தொல்லையையும் இங்கே குறிக்க வேண்டும். பி-ட்ரீ அடைவு பெயரின் தொடக்கத்தைக் கொண்டே வரிசைப்படுத்தும். நாமோ தந்தையின் பெயரெழுத்தை முன்னே வைப்போம். எஸ். சுப்பிரமணியன் எஸ்ஸில் போய் நிற்பார். இடையில் வரும் பெயரைக் கொண்டு தேடினால் அடைவு கைகொடாது. வடபுலத்து அலுவலகங்களில் குலப்பெயர் எது என்று கேட்டு நம்மைத் திணற அடிப்பது போதாதென்று, இங்கேயும் இப்படி. முதலெழுத்துக்குத் தனிப் பத்தி ஒதுக்குவது ஒரு வழி. பெயரை மும்மூன்று எழுத்தாக நறுக்கி அடைவு செய்யும் டிரைகிராம் முறை மற்றொன்று. நம் ஏட்டின் அளவுக்கு அது தேவைப்படவில்லை.

விடைகளை முன்கூட்டியே சேமித்து வைத்துக் கொடுக்கலாமே என்றும் ஒருவர் கேட்டார். செயற்குழு உறுப்பினர் பட்டியலுக்கு அது தகும். குருதிப் பக்கத்துக்கு ஆகாது. நேற்று இரத்தம் கொடுத்தவரை இன்றிரவு மறுபடி எழுப்புவது நன்றன்று.

இப்போது அந்தப் பக்கத்துக்குக் காவலும் வைத்திருக்கிறோம். நிரலைத் திருத்தும்போதெல்லாம் ஓடும் சோதனைகளில் அசெர்ட் நம் க்வெரீஸ் என்ற ஒன்றைச் சேர்த்தாயிற்று. நாளை யாரேனும் கொடையாளரின் தெருப்பெயரையும் காட்டலாம் என்று ஒரு புள்ளி வைத்து எழுதி, நடை ஒன்றுக்கு மேல் போனால், சோதனை அப்போதே தடுத்துவிடும்.

அம்மையாரின் நோட்டைக் கணிப்பொறியில் ஏற்றிவிட்டு அவரிடமே திருப்பித் தந்தோம். வாங்கிக்கொண்டவர், "அது சரி, உங்கள் பட்டியலில் இருக்கிற ஒன்பது பேரையும் கூப்பிட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். பதினொரு பி நெகட்டிவ் கொடையாளரில், நாட்கணக்குத் தகுதியோடு அன்று பக்கம் காட்டியவர் ஒன்பது பேர். அழைத்துப் பார்த்தோம். ஆறு பேர் பேசினர். இரண்டு எண்கள் பயன்பாட்டில் இல்லை. மூன்றாவது எண்ணில் வேறு யாரோ இந்தியில் பேசினார். ஊர் மாறியவர்களும் எண் மாற்றியவர்களும் இவ்விதழின் உள்ளட்டையில் அச்சிட்டுள்ள படிவத்தை நிரப்பி, இத்திங்கள் இறுதிக்குள் அலுவலகத்தில் சேர்த்துவிடுமாறு வேண்டுகிறோம். இரத்த வகையைக் குறிக்க மறவற்க.