கொடைக்கு முன் கடன்

கிறிஸ்து பிறப்பு விழாவோ தவக்காலமோ நெருங்கினால் நம் பங்குகளில் ஒரு வேண்டுகோள் தவறாது எழும்: ‘மலைவாழ் பிள்ளை ஒன்றைத் தத்தெடுத்துப் படிக்க வையுங்கள்.’ திருவெறும்பூர்ப் பகுதியில் இதற்குச் செவிசாய்ப்போர் பலர். பெல் ஆலையிலும் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் உழைத்து ஓய்வுபெற்றோர் தம் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை எடுத்து வைக்கின்றனர். அவர்களுடைய நன்மனத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் அந்த நன்மனத்தை நாம் நடத்திச் செல்லும் வழி தவறானது என்று சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம். இத்தவற்றில் முதற்பங்கு குருக்களாகிய நம்முடையது.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பங்கில் இத்தகைய திட்டமொன்றை நாமே நடத்தினோம். பிள்ளையின் நிழற்படம், பெயர், தந்தையின் தொழில் ஆகியவை தாங்கிய அட்டை ஒன்று கொடையாளரிடம் தரப்படும். ஆண்டுக்கு இருமுறை மதிப்பெண் பட்டியலும் நன்றி மடலும் செல்லும். அம்மடலின் சொற்கள் பிள்ளையுடையவை அல்ல; கரும்பலகையில் நாம் எழுதியதைப் பிள்ளை பார்த்து எழுதும். ஓராண்டு ஒரு சிறுவன் கணக்கில் தவறிவிட்டான். கொடையாளரிடமிருந்து சுருக்கமாக ஒரு கடிதம் வந்தது: இந்தப் பையன் வேண்டாம், நன்றாகப் படிக்கும் வேறு பிள்ளையைத் தாருங்கள். நாமும் அட்டையை மாற்றிக் கொடுத்தோம்.

அவர் தீயவர் அல்லர். நாள்தோறும் திருப்பலியில் பங்கேற்றவர். அவரை அவ்வாறு கேட்கத் தூண்டியது நாம் நீட்டிய அட்டையே. ஒரு பிள்ளையைப் பொறுக்கி எடுக்கக் கொடுத்தவர்கள், அதைத் திருப்பித் தரும்போது வியக்கலாமோ? சிறுவன் மலைக்குத் திரும்பினான். அழைத்துச் செல்ல வந்த தாய் நம்மிடம் ஒன்றே கேட்டாள்: “சாமி, எம் புள்ள என்ன தப்புப் பண்ணான்?” நாம் தலைகுனிந்து நின்றோம்.

இது புதிய பாடமும் அன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றி வெளியிட்ட ஏட்டின் எட்டாம் எண்ணை எடுத்துப் படியுங்கள். நீதியின்படி செலுத்த வேண்டிய கடனை அன்பளிப்பாகக் காட்டிக் கொடுப்பதைச் சங்கம் அங்கே தடுக்கிறது. துன்பத்தின் விளைவுகளை மட்டுமன்றி அதன் வேர்களையும் அகற்றக் கேட்கிறது. உதவி பெறுவோர் நாளடைவில் பிறர் கையை எதிர்பாராமல் நிற்கும்படி உதவ வேண்டும் என்றும், கொடுப்பவரின் ஆதிக்க நாட்டம் அதில் கலக்கலாகாது என்றும் கற்பிக்கிறது. இது குருமாணவர்களுக்காக எழுதப்பட்டதன்று. பொதுநிலையினராகிய உங்களுக்கென்றே எழுதப்பட்டது. இதன்முன் நம் அட்டையை வைத்துப் பார்த்தால் எத்தனை வரிகள் தேறும்?

கடன் என்கிறோமே, யாருக்கு என்ன கடன்? நம் மாவட்டத்தின் வடக்கே, துறையூரைத் தாண்டினால் பச்சைமலை. அங்கு வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தாரோ என மயங்க வேண்டாம்; தமிழ் பேசும் நம் மலைமக்களே அவர்கள். மரவள்ளி பயிரிட்டும், வேலையில்லாத மாதங்களில் வெளியூர் சென்று கூலி செய்தும் பிழைக்கின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 80 பேர். பழங்குடியினரில் 54 பேர் மட்டுமே. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வி அடிப்படை உரிமை என்பது நாட்டின் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. உரிமையாக உள்ளதை ஒரு பிள்ளை நன்றி மடல் எழுதிப் பெற வேண்டும் என்றால், நாம் கொடுப்பது கொடையா, கடனுக்கு வாங்கும் வட்டியா?

‘அரசு செய்யாததால்தானே நாம் செய்கிறோம்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விடை நம் வாசலிலேயே இருக்கிறது. திருவெறும்பூருக்கு அடுத்த துவாக்குடியில் 1964இல் தொடங்கிய மண்டலப் பொறியியற் கல்லூரிதான் இன்றைய தேசியத் தொழில்நுட்பக் கழகம். 2024இல் பச்சைமலையைச் சேர்ந்த மாணவி ஒருவர் நுழைவுத் தேர்வில் தேறி அதில் இடம்பெற்றார். அவர் கூலித் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, அரசுப் பழங்குடியினர் பள்ளியில் பயின்றவர். அவருடைய படிப்புச் செலவை மாநில அரசு ஏற்றது. நல்ல பள்ளியும் ஊக்கும் ஆசிரியரும் மலையிலேயே கிடைத்தால் மலைப்பிள்ளை எதுவரை செல்லும் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும், ஒரே மாவட்டத்து மலைச்சிறுமி அந்த வாயிலில் நுழைந்தது நாளேடுகளுக்கு வியப்புச் செய்தியாயிற்று என்பதையும் எண்ணிப் பாருங்கள். வழி உண்டு, நடப்போர்க்கு அது எட்டவில்லை. நாம் தோள் கொடுக்க வேண்டிய இடம் அதுவே.

அரசைச் சுட்டும் விரலை நம் பக்கமும் திருப்புவோம். தனியார் பள்ளிகள் நலிந்த பிரிவினர்க்கு நூற்றுக்கு 25 இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் வேறோர் அமர்வு அத்தீர்ப்பின் சரியான தன்மையை ஐயுற்று, மறு ஆய்வுக்கு வழிதிறந்தது. வழக்கு எவ்வாறு முடியினும் முடியட்டும். சிறுபான்மை உரிமையை நாமும் மதிக்கிறோம். ஆனால் சட்டம் தந்த விலக்கை நற்செய்தி தந்த விலக்காகக் கொள்ளலாமா? திருச்சி நகரில் நூற்றாண்டு கடந்த புகழ்மிக்க கத்தோலிக்கப் பள்ளிகள் உள்ளன. அவற்றின் வகுப்பறைகளில் மலைப்பிள்ளைகள் எத்தனை பேர்? இக்கேள்வியைக் கேட்கத் தயங்கிவிட்டு, மலையில் ஒரு பிள்ளைக்குச் சீருடை வாங்கித் தருவது நம் மனச்சான்றை உறங்க வைக்கும் மருந்தாகிவிடும்.

பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதியில் வைத்தால் போதுமோ என்றால், அதிலும் எச்சரிக்கை தேவை. கனடா நாட்டில் அரசு வகுத்த உறைவிடப் பள்ளித் திட்டத்தில், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஏறத்தாழ 1,50,000 பழங்குடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர்; அவர்களுடைய மொழியும் வழக்கமும் ஒடுக்கப்பட்டன. அப்பள்ளிகளில் பெரும்பகுதியை நடத்தியவர்கள் கத்தோலிக்கர். 2022 ஜூலை 25 அன்று மஸ்குவாச்சிஸ் என்னும் இடத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் அம்மக்கள்முன் மன்னிப்புக் கேட்டார். நம் விடுதிகள் அத்தகையவை அல்ல என்பது உண்மை. எனினும், ‘மலையில் கிடந்திருந்தால் வீணாய்ப் போயிருப்பாய்’ என்று பிள்ளையிடம் சொல்லும் ஒவ்வொரு முறையும், அதன் தாய்தந்தையை இகழக் கற்பிக்கிறோம். நற்செயல் செய்கிறோம் என்ற உறுதியே நம் கண்ணை மறைத்துவிடக் கூடும்.

வேரைத் தேடிப் போன ஒருவர் நம் மாவட்டத்திலேயே பிறந்தார். விரகாலூரில் 1937இல் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி, சார்க்கண்டுப் பழங்குடியினரின் நிலத்துக்காகவும், விசாரணையின்றிச் சிறையில் வாடிய அவர்தம் இளைஞர்களுக்காகவும் குரல்கொடுத்தார். 2020 அக்டோபரில் கைதாகி, பிணை கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று காவலில் இருந்தபடியே இறந்தார். உதவித் திட்டத்தோடு அவர் நின்றிருந்தால் சிறை கண்டிருக்க மாட்டார். அவ்வளவு பெரிய விலையை உங்களிடம் எவரும் கேட்கவில்லை.

கேட்பது சிறியதே. பிள்ளையைப் பொறுக்கும் வழக்கத்தை விடுங்கள். பங்கு முழுவதும் சேர்ந்து ஒரு விடுதியையோ ஒரு மாலை வகுப்பையோ தாங்கட்டும். கணிதத்தில் தவறும் பிள்ளைக்கே அதில் முதலிடம் இருக்கட்டும். படத்தையும் நன்றி மடலையும் கேளாதீர்கள். பழங்குடியினர்க்குரிய சாதிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியரிடம் பெற வேண்டும். அது இல்லாமல் உதவித்தொகையும் இடஒதுக்கீடும் எட்டாக்கனி. அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவர்களே, மனு எழுதும் முறை உங்களுக்குத் தெரியும். மலையிலிருந்து இறங்கி முசிறி அலுவலகத்தில் காத்துநிற்கும் தந்தையோடு ஒரு நாள் நீங்களும் நில்லுங்கள். ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள். நம் பள்ளிகளின் நிர்வாகத்திடம், மலைப்பிள்ளைகளுக்கு எத்தனை இடம் என்று பங்குப் பேரவையில் எழுந்து கேளுங்கள். அக்கேள்வி குருக்களாகிய எங்களைச் சங்கடப்படுத்தும், பரவாயில்லை, கேளுங்கள்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எறும்பின் பெயரைத் தாங்கிய ஊரில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த அரிசியை எந்த எறும்பு சுமந்தது என்று புற்றுக்குள் எவரும் பெயர் எழுதி வைப்பதில்லை. வரும் தவக்காலத்தில் உங்கள் பெட்டியில் பழைய அட்டை ஏதேனும் இருந்தால் அறைவீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். அதற்கு மாற்றாக வேறு அட்டை தர மாட்டோம். துறையூர் வழியாக மலைக்குச் செல்லும் பேருந்தின் நேரத்தைச் சொல்வோம்.