தைத்தெடுத்த பிள்ளை

இந்த இதழ் அச்சுக்குப் போவது நான்கு நாள் தள்ளிப்போனதற்குக் காரணம் ஒரே ஒரு வினைமுற்று. ஜப்பானிய அனிமே பற்றி ஓர் இளைஞர் எழுதியனுப்பிய கட்டுரையில் 'பாண்டா அழுதான்' என்றிருந்தது. எங்கள் மெய்ப்புத் திருத்துநர் பெரியவர். அவர் கைவைத்த இடத்தில் நாங்கள் யாரும் கைவைப்பதில்லை. 'அழுதான்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து 'அழுதது' என்று திருத்தியிருந்தார். பாண்டா ஒரு விலங்கு. இந்தப் பாண்டா விலங்குகூட இல்லை, ஒருவர் செய்துவைத்த பொம்மை. எந்தக் கணக்கில் பார்த்தாலும் அஃறிணைதானே என்றார். எழுதியவருக்கு மெய்ப்பை அனுப்பினோம். "ஐயா மன்னிக்கணும், அந்த ஒரு சொல்லை மட்டும் மாத்தாதீங்க. மாத்தித்தான் ஆகணும்னா கட்டுரையே வேண்டாம்" என்று பதில் வந்தது.

அதன் பிறகுதான் அந்தக் கட்டுரை பேசிய 'ஜுஜுட்சு கைசென்' தொடரைப் பார்க்க உட்கார்ந்தேன். அனிமேயில் பார்க்க வேண்டியதைப் பார்த்து, மிச்சத்தை அதன் மூலப் படக்கதையான மாங்காவில் படித்தேன். கெகெ அகுதாமி எழுதி வரைந்த இந்தக் கதை 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில் 2018 மார்ச்சில் தொடங்கி 2024 செப்டம்பரில், 271 அத்தியாயங்களோடு முடிந்தது. மாப்பா நிறுவனம் இதை 2020 அக்டோபரிலிருந்து அனிமேயாக எடுத்துவருகிறது. கதையின் நட்சத்திரங்களான கொஜோவைப் பற்றியும் சுகுனாவைப் பற்றியும் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் பாண்டாவுக்காகத்தான் போனேன். நான்கு நாளும் அவனோடேயே கழிந்தன.

பாண்டா டோக்கியோ மாந்திரிகப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு மாணவன். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பாண்டாக் கரடி. வாய் திறந்து பேசுவான், தோழர்களைக் கிண்டலடிப்பான், சண்டைக்கு முன்னால் நிற்பான். தன்னைக் குறிக்க, ஜப்பானிய ஆண்கள் நண்பர்களிடையே சொல்கிற 'ஒரெ' என்ற சொல்லைத்தான் சொல்கிறான். அவனைச் செய்தவர் பள்ளியின் தலைமையாசிரியர் மசாமிச்சி யாகா. கதையின் தொடக்கத்திலேயே அவரைப் பார்த்துவிடுகிறோம். சுற்றிலும் பொம்மைகள் உட்கார்ந்திருக்க, கறுப்புக் கண்ணாடி போட்ட வாட்டசாட்டமான மனிதர் ஊசியும் கம்பளியுமாக இன்னொரு பொம்மையைச் செய்துகொண்டிருக்கிறார். முரட்டு விரல்கள், சின்னஞ்சிறு ஊசி. புதிதாகச் சேர வந்த இதாதோரியிடம், எதற்காக வந்தாய் என்று கேட்கிறார். தாத்தா சாகும்போது சொன்னார் என்கிறான் பையன். பிறர் சொன்னதற்காகச் சாகப் போகிறவன் கடைசியில் அந்தத் தாத்தாவைத்தான் சபிப்பான் என்கிறார் யாகா. மாந்திரிகர்களுக்கு மனக்குறையில்லாத சாவு வாய்ப்பதில்லை என்றும் எச்சரிக்கிறார். அவர் சாவும் அப்படித்தான் அமைந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கதையுலகில் ஒரு விதி உண்டு. மனிதர்களின் அச்சம், வெறுப்பு, துயரம், வஞ்சம் இவற்றிலிருந்து சாப ஆற்றல் கசிகிறது. அது திரண்டால் பேயாகும். மாந்திரிகர்கள் தங்கள் உடம்பில் ஊறும் அதே ஆற்றலைக் கட்டுக்குள் வைத்துப் பேயோடு மோதுகிறார்கள். சாப ஆற்றலை அடைத்து இயக்கும் பொம்மைக்கு ஜுகாய் என்று பெயர். இதாதோரிக்குப் பயிற்சி கொடுப்பதற்கும் ஒரு ஜுகாய்தான் வருகிறது. அந்தப் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு அவன் சினிமா பார்க்க வேண்டும். பயந்தாலும் சிரித்தாலும் அழுதாலும் ஆற்றல் ஒரே சீராக ஓட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் பொம்மை விழித்துக்கொண்டு முகத்தில் குத்தும். ஆனால் அதன் ஆற்றல் அதனுடையதில்லை, பிறர் ஊற்றியது. ஊற்றியது தீர்ந்தால் அது வெறும் பொம்மைதான்.

பாண்டாவுக்கு யாரும் ஊற்ற வேண்டியதில்லை. அவனுக்கு ஆற்றல் உள்ளிருந்தே ஊறுகிறது. மாந்திரிக உலகின் மேலிடத்துப் பெரியவர்கள் குறிவைப்பது இதைத்தான். தானே இயங்கி, தானே ஆற்றலை நிரப்பிக்கொள்ளும் பொம்மையைச் செய்ய முடியுமென்றால் அதைக்கொண்டு படையே கட்டலாம். அவர்கள் அதற்கு மேல் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். சாப ஆற்றல் ஊறுவது துயரத்திலிருந்தும் அச்சத்திலிருந்தும் என்பது கதையின் விதி. வலிக்காத ஒன்றுக்கு அது ஊறாது. அப்படியென்றால் பாண்டா போடுகிற ஒவ்வொரு குத்தும் அவனுக்குள் வருத்தம் இருப்பதற்குச் சாட்சி. அகுதாமி இதை எங்கும் வசனமாக எழுதியதாக எனக்குத் தெரியவில்லை, எழுத வேண்டியதும் இல்லை. கதையின் இயற்பியலே அவனுக்கு நெஞ்சு உண்டு என்று சொல்லிவிடுகிறது.

கியோட்டோ பள்ளியோடு நடக்கும் போட்டியில் பாண்டாவுக்கு எதிராக நிற்பது மெக்காமாரு என்ற இயந்திரப் பொம்மை. அதைத் தொலைவில் ஓர் இருட்டறையிலிருந்து இயக்குகிற பையன் கோகிச்சி முத்தா. பிறவியிலேயே அவனுக்கு வலக்கை இல்லை, முழங்காலுக்குக் கீழே கால்கள் இல்லை. நிலவொளி பட்டாலே வெந்துபோகும் தோல். மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் ஊசி குத்துகிற வலி. இதற்கெல்லாம் ஈடாக நாடு முழுவதும் எட்டும் ஆற்றலை விதி அவனுக்குக் கொடுத்திருக்கிறது. அந்த ஆற்றலை எடுத்துக்கொண்டு உடம்பைக் கொடு, தோழர்களோடு வெளியில் நிற்கிறேன் என்பதுதான் அவன் ஏக்கம். அப்படிப்பட்டவன் எதிரில் ஒரு பொம்மை வெயிலில் நடந்து வருகிறது. முத்தாவுக்குப் பொறுக்கவில்லை. மனிதன் இருட்டில் கிடக்க, பொம்மைக்கு எப்படி இந்த வாழ்வு?

இந்த இடத்தில் வேறொரு கதைசொல்லி பாண்டாவின் வாயில், நானும் மனிதன்தான் என்று ஒரு வசனத்தை வைத்திருப்பார். பாண்டா அப்படிக் கெஞ்சுவதில்லை. மனிதனாக வேண்டும் என்ற ஆசையே அவனுக்கு இல்லை. உலகெங்கும் சொல்லப்பட்ட செயற்கைப் பிள்ளைகளின் கதையில் இது அபூர்வம். பினோக்கியோ என்ற மரப்பொம்மை உண்மைச் சிறுவனாக மாறத் தவித்தான். தெசுகா ஒசாமு படைத்த 'ஆட்டம்', மகனை இழந்த விஞ்ஞானி தென்மா செய்த இயந்திரச் சிறுவன். மகனைப் போல வளரவில்லை என்று கண்டதும் தகப்பனே அவனை சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறான். யாகா யாருக்கும் பதிலாகப் பாண்டாவைச் செய்யவில்லை. பாண்டாவைப் பாண்டாவாகவே வளர்த்தார். அதனால்தான் அவன் யார் முன்னும் கூசாமல் நிற்கிறான். முத்தாவின் இயந்திரத்தை வென்ற பிறகும், நொறுங்கிக் கிடக்கிற அதனோடு பேச்சுக் கொடுக்கிறான். தன்மேல் பொறாமைப்பட்டவனிடம் அவனுக்குக் கோபம் இல்லை. நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இந்தக் காட்சியைத்தான்.

முத்தாவின் முடிவு கொடியது. ஆன்மாவைப் பிசைந்து உடம்பை மாற்றும் பேய் மாஹித்தோவோடு உடன்பாடு செய்துகொண்டு, கேட்ட உடம்பைப் பெற்று, அந்தப் பேயின் கையாலேயே சாகிறான்.

பாண்டாவின் வெற்றியில் இன்னொரு செய்தி இருக்கிறது. அவனுக்குள் மூன்று கருக்கள். ஒன்று அவன். இன்னொன்று கொரில்லா, அவன் அண்ணன். கை வைத்துத் தடுத்தாலும் உள்ளே போய் அதிர்கிற குத்து அண்ணனுடையது. மூன்றாவது கூச்ச சுபாவமுள்ள அக்கா, மூன்று கொம்புள்ள டிரைசெராடாப்ஸ். இது சண்டைக்கான உத்தி என்றுதான் முதலில் நினைத்தேன். யாகா சாகும் தறுவாயில் சொல்லும் இரகசியம் அதைத் தலைகீழாக்கியது. ஒரு பொம்மைக்குள் ஓர் ஆன்மாவை மட்டும் வைத்தால் அது நிலைக்காது. ஒன்றோடொன்று ஒத்துப்போகிற மூன்றை வைக்க வேண்டும். மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிப் பார்க்கப்படுவதால்தான் 'நான்' என்பது உறுதிப்படுகிறது.

எனக்கு உடனே புன்ராக்கு பொம்மலாட்டம் நினைவுக்கு வந்தது. ஒரு பொம்மையை மூன்று பேர் இயக்கும் முறை அங்கே 1734-இல் வந்தது. மூத்தவர் தலையையும் வலக்கையையும், அடுத்தவர் இடக்கையை, மூன்றாமவர் கால்களை. மூவரும் ஒரே மூச்சில் இயங்கினால்தான் பொம்மை பெருமூச்சு விடும். அகுதாமி அதை மனத்தில் வைத்துத்தான் எழுதினார் என்று சொல்லமாட்டேன். மூன்று பேர் சேர்ந்தால்தான் ஓர் உயிர் என்ற எண்ணம் அந்த மண்ணுக்குப் புதிதில்லை என்று மட்டும் சொல்வேன்.

பொம்மைக்கு விடைகொடுக்கும் சடங்கும் அங்கே உண்டு. டோக்கியோவின் உஎனோ பூங்காவிலுள்ள கியோமிசு கன்னோன் கோயிலில் ஆண்டுதோறும் செப்டம்பர் 25 அன்று பழைய பொம்மைகளுக்கு வழிபாடு நடத்தி எரியூட்டுகிறார்கள். இதைவிட என்னை அசைத்தது அய்போவின் கதை. சோனி நிறுவனம் 1999-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திர நாய் அது. உற்பத்தி 2006-இல் நின்றது, பழுதுபார்க்கும் சேவை 2014-இல் நின்றது. அதன் பிறகு சிபா மாநிலத்தின் இசுமியிலுள்ள கோஃபுகு-ஜி கோயிலில் அய்போக்களுக்கு ஈமச்சடங்கு நடக்கத் தொடங்கியது. 2018 ஏப்ரலில் ஒரே நாளில் 114 நாய்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் உடம்பிலும் ஓர் அட்டை கட்டியிருந்தது: எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று. பிக்குகள் சூத்திரம் ஓதி முடித்த பிறகுதான் பழுதுபார்ப்பவர்கள் திருகாணியைக் கழற்றுவார்கள். எடுக்கிற பாகங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அய்போக்களுக்குப் போகும். சடங்கு முடியாமல் கை வைப்பதில்லை என்ற அந்த மரியாதையைப் பேதைமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

யாகாவின் எல்லாச் செயலும் எனக்கு உவப்பானதென்று சொல்ல முடியாது. காட்டில் அவர் மறைத்து வளர்க்கும் ஜுகாய்களில் ஒன்று, இறந்துபோன ஒரு சிறுவனின் ஆன்மாவைப் படியெடுத்துச் செய்தது. அவன் பெயர் தக்கேரு. மாந்திரிகர் குசாகாபேயின் தங்கை மகன். அந்தத் தாய்க்கு அது ஆறுதல் என்பதைக் கதை சொல்கிறது. ஆனால் போனவனைப் போல ஒன்றைச் செய்து கையில் கொடுப்பது தென்மா போன பாதைதான். பாண்டாவுக்குக் கிடைத்த விடுதலை தக்கேருவுக்குக் கிடைக்கவில்லை.

மாங்காவின் 147ஆம் அத்தியாயத்துக்கு வருகிறேன். கதையில் ஷிபுயா பகுதியில் நிகழும் பேரழிவுக்கு யாகாவும் காரணம் என்று குற்றம்சாட்டி மேலிடம் அவருக்கு மரண தண்டனை விதிக்கிறது. பாண்டா தற்செயலாக உருவானவன் என்றே ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்தவர் அவர். படை கட்டத் துடிப்பவர்கள் கையில் அந்த வித்தை போய்விடக் கூடாது என்பதற்காகத்தான். கியோட்டோ பள்ளியின் முதியவர் காகுகான்ஜி ஆணைப்படி அவரை வீழ்த்துகிறார். இரத்தம் வடியக் கிடக்கும் யாகா, கேட்காமலேயே இரகசியத்தைத் தன்னைக் கொன்றவரிடம் சொல்லிவிடுகிறார். ஏன் இப்போது சொன்னாய் என்று கிழவர் திகைக்க, இது நான் உன்மேல் வைக்கிற சாபம் என்கிறார். அறிந்தபின் சுமக்கத்தானே வேண்டும்.

பாண்டா வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. அப்பாவின் உடலை அணைத்துக்கொண்டு அழுகிறான். அந்த முகத்தை அகுதாமி வேடிக்கையாக வரையவில்லை. கிழவர்மேல் அவன் பாய்வதில்லை, பழி பேசுவதில்லை. பாண்டாவுக்கும் கண்ணீர் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள் என்கிற பொருளில் ஒன்றைச் சொல்கிறான். அவ்வளவுதான். பிறகு காஷிமோ என்ற எதிராளியோடு நடக்கும் சண்டையில் அண்ணனும் அக்காவும் போகிறார்கள். அவனைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் உள்ளே இல்லாமல் போக, அவன் சின்னப் பொம்மை அளவுக்குச் சுருங்கிவிடுகிறான்.

நான்காம் நாள் மாலை அந்த அத்தியாயத்தை எங்கள் மெய்ப்புத் திருத்துநரிடம் கொடுத்தேன். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். மெல்லப் படித்தார். கடைசிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்தார். மக்களை உயர்திணை என்றும் அல்லாதவற்றை அஃறிணை என்றும் பிரித்துத்தான் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குகிறது. அவருக்கு அது மனப்பாடம். "உங்க பாட்டி மாட்டை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டார். "லட்சுமி வந்துட்டாளான்னு கேப்பாங்க" என்றேன். இலக்கணத்தில் இதற்கு இடம் இருக்கிறது, உவப்பினால் திணை மாறுவதைத் திணை வழுவமைதி என்று நன்னூலே ஏற்றுக்கொள்கிறது என்றார். மெய்ப்பை வாங்கி, தாம் போட்ட சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நம் வீடுகளில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் நள்ளிரவில் கைப்பேசியில் பார்த்து அழுகிற கதைகளைப் பற்றித் தமிழ்ச் சிற்றிதழ்கள் இதுவரை அதிகம் பேசியதில்லை. அந்தக் குறையில் எங்களுக்கும் பங்குண்டு. இனி இந்த இதழில் அனிமேக்கும் மாங்காவுக்கும் பக்கம் உண்டு. பார்ப்பவர்கள் எழுதுங்கள், பார்க்காதவர்கள் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். அந்த இளைஞரின் கட்டுரை இந்த இதழில் இருக்கிறது, 'பாண்டா அழுதான்' என்ற சொற்களோடு.