பழைய மோட்டாருக்குக் கண் வைத்தியம்

மனிதனுக்கு வயதானால் முதலில் கண் மங்குகிறது. மோட்டார் வண்டிக்கும் அதே விதிதான். என்ஜின் திடமாக இருக்கும்போதே விளக்குகள் தகராறு செய்ய ஆரம்பித்துவிடும். நம்முடைய காருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அதை விற்றுவிடும்படி யோசனை சொல்லாத உறவினர் இல்லை. நாம் அதைக் கைவிடவில்லை. அதுதான் ஒரு சமயம் நம்மைக் கைவிடப் பார்த்தது.

மார்கழி மாதத்து இரவு. விழுப்புரத்தைத் தாண்டித் திருச்சி சாலையில் குடும்ப சகிதம் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் வந்த லாரி ஒன்று திடீரென்று ஹாரனை அலறவிட்டு, மயிரிழையில் வலப்புறம் ஒதுங்கி முன்னே சென்றது. சற்றுத் தூரத்தில் ஒரு டீக்கடையருகில் அது நின்றது. நாமும் நிறுத்தி, சண்டைக்குத் தயாராக இறங்கினோம். அந்த டிரைவர் நிதானமாகச் சொன்னார்:

"ஐயா, நீங்க பிரேக் போட்டா வலது பக்க விளக்கு அணைஞ்சு போவுது. இடது பக்கம் ஒண்ணுதான் தெரியுது. ஓரமாப் போற மோட்டார் சைக்கிள்னு நெனச்சுட்டேன். உள்ளே கொழந்தைங்க இருக்காங்க. மொதல்ல அதைப் பாருங்க."

சண்டையை மறந்து அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தோம்.

ஊர் திரும்பியதும் வண்டியை ஒரு பட்டறையில் விட்டோம். பல்பை மாற்றினார்கள், பிறகு பிரேக் சுவிட்சை மாற்றினார்கள். வியாதி தீரவில்லை. கடைசியில், வண்டியிலுள்ள வயர்கள் முழுவதையும் களைந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அதற்குச் சொன்ன தொகையைக் கேட்டு நமக்கும் கண் இருண்டது.

அன்று மாலை, வீட்டு வாசலில் விளக்குகளைப் போட்டுவிட்டு நாம் பிரேக்கை மிதிக்க, நம் வீட்டு அம்மாள் பின்னால் நின்று பார்த்தாள். "நீங்கள் மிதிக்கும்போதெல்லாம் சிவப்பு அணைகிறது, பக்கத்திலிருக்கிற மஞ்சள் லேசாக எரிகிறதே!" என்றாள். நோயின் மூலம் அந்த ஒரு வார்த்தையில் வெளியாகிவிட்டது.

மின்சாரம் பாட்டரியிலிருந்து விளக்குக்குப் போனால் மட்டும் போதாது. திரும்பவும் பாட்டரிக்கு வந்து சேர வேண்டும். காரில் அதற்குத் திரும்பும் பாதை வண்டியின் இரும்பு உடலே. இதைத்தான் 'எர்த்' என்கிறார்கள். பின்விளக்குக் கூட்டிலுள்ள பல்புகள் யாவும் ஒரே திருகாணி வழியாக அந்த உடலைத் தொடுகின்றன. அதில் துரு ஏறினால் பாதை அடைபட்டுவிடும். அப்போதும் சிவப்பு விளக்கு எரிவது போலத்தான் தோன்றும். ஏனெனில் அதன் மின்சாரம் அருகிலுள்ள பிரேக் இழையின் வழியாகப் புறக்கடையால் வீடு திரும்புகிறது. பிரேக்கை மிதித்ததுமோ, அந்தப் புறக்கடையிலேயே எதிர்த்து மின்சாரம் வருகிறது. சிவப்பு அணைகிறது. பிரேக் மின்சாரமும் வழி தேடி மஞ்சள் விளக்குக்குள் புகுகிறது.

திருகாணியைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, சிறிது வாஸ்லைன் தடவி இறுக்கினோம். வலது பக்கம் கண் திறந்தது.

ஆகவே, பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: பழுது பெரும்பாலும் சாமான்களில் இல்லை, அவை சேரும் இடங்களில் இருக்கிறது. எதையும் மாற்றுவதற்கு முன்னால் எல்லா மூட்டுகளையும் பாருங்கள்.

முதலில் பாட்டரி. நன்றாகச் சார்ஜ் ஏறிய பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவுங்கள். அதன்பின் பாட்டரியிலிருந்து உடலுக்கும், என்ஜினிலிருந்து உடலுக்கும் போகும் தடித்த எர்த் பட்டைகளைச் சுத்தம் செய்யுங்கள்.

ஹெட்லைட் மங்கினால் பல்பைக் குற்றம் சொல்ல அவசரப்பட வேண்டாம். 60 வாட் பல்பு இரண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர் மின்சாரம் வேண்டும். பழைய சுவிட்சிலும் மூட்டுகளிலும் ஓம் கணக்கில் 0.2 தடை இருந்தால் 2 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 12 வோல்ட்டுக்குப் பதில் 10 வோல்ட் சென்றால் வெளிச்சம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இதையறியாமல் 100 வாட் பல்பைப் போடுகிறவர்கள் சுவிட்சைத்தான் சுட்டெரிப்பார்கள். மூட்டுகளைச் சுத்தம் செய்து ஒரு ரிலே வைத்துக்கொள்வதே சரியான வழி.

வயரைத் தேடுவோருக்கு நிறம் துணை செய்யும். இங்கிலாந்து முறையில் வயர் போட்ட பழைய கார்களில் கறுப்பு எர்த்துக்கு, பழுப்பு பாட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன் சுவிட்சிலிருந்து, பச்சை அதன் ப்யூஸைக் கடந்தது, நீலம் ஹெட்லைட்டுக்கு, சிவப்பு ஓர விளக்குகளுக்கும் பின்விளக்குகளுக்கும். ஆனால் பல கைகள் பட்ட வண்டியில் நிறமும் பொய் சொல்லும். ஒரு பல்பில் இரண்டு வயரை முடிந்த டெஸ்ட் லாம்ப் பொய் சொல்லாது.

ஒரு பெரும் பாவத்தை மட்டும் செய்யாதீர்கள்: ப்யூஸ் போனால் அதன் இடத்தில் சிகரெட் காகிதத்தையோ செப்புக் கம்பியையோ வைப்பது. ப்யூஸ் சாவது வண்டி எரியாமலிருப்பதற்காக. பழைய கார்கள் பலவற்றில் ஹெட்லைட் வயருக்கு ப்யூஸே கிடையாது. தகட்டில் உராயும் வயரை அங்கே உடனே கவனிக்க வேண்டும்.

நமக்கு ஆன செலவு ஓர் உப்புத்தாள். அந்த டிரைவர் ஒரு கணம் தாமதித்திருந்தால் ஆகியிருக்கும் செலவை நினைக்கவும் மனம் கூசுகிறது. இன்று இருட்டியதும் வீட்டிலொருவரைக் காருக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, பிரேக்கை ஒரு முறை மிதித்துப் பாருங்கள். வண்டி ஓட்டுகிறவருக்குத் தம் முதுகுப்புறம் தெரியாது.