நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்த பாடம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பில் விலங்கியல் படித்தவர்களுக்கு ஹீமோஃபிலியா பாடம் நினைவிருக்கும். விக்டோரியா மகாராணியின் வம்சத்தைக் கரும்பலகையில் வரைந்து, "ஆண்களுக்கு நோய் வரும், பெண்கள் கடத்துபவர்கள் மட்டும்" என்று எழுதி அடிக்கோடு போடச் சொல்வேன். அந்த "மட்டும்" தவறு.

என் அக்கா மகனுக்கு ஹீமோஃபிலியா. அவன் தடுக்கி விழுந்தால் வீடே ஓடும். அவன் தங்கைக்கு மாதாமாதம் பத்து நாள் உதிரப்போக்கு. "உடம்புச் சூடு, வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடு" என்றோம். பல் பிடுங்கிய அன்று ராத்திரி முழுக்க ரத்தம் துப்பினாள். அப்போதும் யாருக்கும் உறைக்கவில்லை. பிரசவமாகி ஒன்பதாம் நாள் நிற்காத உதிரப்போக்கு. அண்ணனின் நோயைச் சொன்னோம். "பொம்பளைங்களுக்கு அது வராதும்மா" என்று பதில் வந்தது. பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன். ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தாள். பிறகு வேறோர் இடத்தில் பரிசோதித்தபோது அவளுக்கு ஃபேக்டர் 8 அளவு 22 சதவீதம்தான்.

பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம், ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும் என்று நடத்தினேன். ஆனால் ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் முடங்கிவிடுகிறது. மேரி லயன் 1961-லேயே எழுதிவிட்டார். பெரும்பாலான செல்களில் நல்ல எக்ஸ் முடங்கினால் ஃபேக்டர் குறையும். 40 சதவீதத்துக்குக் கீழே போனால் பெண்ணுக்கும் அது ஹீமோஃபிலியாதான் என்று 2021-இல் பன்னாட்டு வல்லுநர்களே வகைப்படுத்திவிட்டார்கள். கர்ப்பத்தில் ஃபேக்டர் 8 தானாக உயரும், பிரசவத்துக்குப் பின் இறங்கும். அதனால்தான் எங்கள் பெண் ஆபத்து தாண்டியதென்று நினைத்த பிறகு மாட்டிக்கொண்டாள்.

"அபூர்வமான நோய்தானே டீச்சர்?" என்பீர்கள். நோயுள்ள ஆணின் மகள்கள் அத்தனை பேரும் அந்த மரபணுவைப் பெறுகிறார்கள். அம்மாவுக்கும் அக்கா தங்கைக்கும் இருக்கலாம். நோயுள்ளவருக்கு அக்கா மகளையே கட்டிவைத்தால், பிறக்கும் பெண்ணுக்கு இரண்டு எக்ஸும் பழுதாகவே வரக்கூடும். நம் ஊரில் இது கற்பனையில்லை.

"பொம்பளைக்கு ரத்தம் போறது சகஜம்" என்பதுதான் எனக்கு ஆத்திரம் மூட்டும் பேச்சு. ஆணுக்கு மூட்டு வீங்கினால் நோய், பெண்ணுக்குப் பெரும்பாடு என்றால் தலைவிதியா? சோகை பிடித்து வெளுத்துப்போன எத்தனை பெண்களைச் "சோம்பேறி" என்றிருக்கிறோம்!

குடும்பத்தில் ஓர் ஆணுக்கு இந்த நோய் இருந்தால், பெண்களுக்கும் ஃபேக்டர் அளவைப் பாருங்கள். ரத்தம் உறையும் நேரம் பார்க்கும் சாதாரணப் பரிசோதனையில் இது தப்பிவிடலாம். பல் பிடுங்கும் முன், அறுவை சிகிச்சைக்கு முன், பிரசவத்துக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை உண்டு, ஃபேக்டர் ஊசி உண்டு. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபனைக் கேட்காமல் போடாதீர்கள்.

மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் இருக்கும் என் பிள்ளைகளே, உங்களில் சிலர் அந்த வரியை எழுதி என்னிடம் முழு மதிப்பெண் வாங்கியவர்கள். அதை அடித்துவிடுங்கள். உங்களிடம் வரும் பெண் தன் அண்ணனின் நோயைச் சொன்னால், தயவுசெய்து காது கொடுத்துக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் டீச்சர்