காத்திருக்கும் பிள்ளை விளையாடவில்லை

அங்கன்வாடியில் பிள்ளைகள் கைகழுவ வரிசையில் நிற்கும்போதுதான் தள்ளுமுள்ளு தொடங்குகிறது. குழாய் ஒன்று, பிள்ளைகள் இருபத்தைந்து பேர். முன்னால் நிற்பவனின் சட்டையைப் பின்னால் நிற்பவள் இழுக்கிறாள். இன்னொருவன் வரிசையை விட்டே ஓடுகிறான். உதவியாளர் குரலை உயர்த்துகிறார். மழைநாளில் வெளியே விட முடியாத ஒரு மணி நேரமும், ஆசிரியர் விடுப்பில் போன வகுப்பும், சுற்றுலா போன இடத்தில் வராத பஸ்ஸும் இதே ரகம்தான். அப்போது கையில் பந்து இருக்காது, கயிறு இருக்காது, வண்ண அட்டை இருக்காது. பிள்ளைகள் இருப்பார்கள், பெரியவர் ஒருவர் இருப்பார்.

பொருள் எதுவும் வேண்டாத விளையாட்டுகளுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. அவற்றில் எதை எந்த நேரத்தில் எடுப்பது என்பதில்தான் பல மையங்கள் தடுமாறுகின்றன. பயிற்சிக் கையேடுகள் பெரும்பாலும் விளையாட்டை வயதுவாரியாகப் பிரிக்கின்றன. அதைவிட உதவும் கேள்வி வேறொன்று: இந்த ஆட்டத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஆடுகிறார்கள், எத்தனை பேர் சும்மா இருக்கிறார்கள்?

குலை குலையா முந்திரிக்காயை எடுத்துக்கொள்ளலாம். எட்டுப் பேர் உட்கார்ந்தால் அருமையான ஆட்டம். முப்பது பேர் உட்கார்ந்தால் ஓடுபவர் ஒருவர், துரத்துபவர் ஒருவர், மீதி இருபத்தெட்டுப் பேர் பார்வையாளர்கள். நாலாவது சுற்றுக்குள் வட்டத்தின் ஓரத்தில் மண்ணைக் கிளறத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளை அடங்காதவர்கள் என்று சொல்வது அநியாயம். அதே முப்பது பேருக்குக் கல்லா மண்ணா வைத்தால், பிடிப்பவரைத் தவிர அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள். நிறத்தின் பெயரைச் சொன்னதும் அந்த நிறத்தைத் தேடித் தொடும் ஆட்டத்திலும் எல்லோருக்கும் வேலை உண்டு. கூட்டம் பெரிதாக இருந்தால் குலை குலையாவை மூன்று சிறு வட்டங்களாகப் பிரித்தே ஆட வேண்டும்.

பிரிட்டனில் அயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி இணையர் 1969இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்தத் துறையில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடமிருந்து தெரு விளையாட்டுகளைத் திரட்டிய அவர்கள், ஆடுபவர்களைத் தவிர வேறெதுவும் தேவைப்படாத ஆட்டங்களை மட்டுமே அதில் சேர்த்தார்கள், பந்தாட்டம்கூடக் கிடையாது. பிள்ளைகள் தாங்களாக ஆடும்போது நடுவரைத் தேடுவதில்லை, பரிசை எதிர்பார்ப்பதில்லை, ஆட்டம் பாதியில் நின்றாலும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை என்று அவர்கள் கவனித்தார்கள். ஆட்டத்தைத் தொடங்கும் முறைக்கே, அதாவது யார் பிடிப்பது என்று தீர்மானிப்பதற்கே, தனி அத்தியாயம் ஒதுக்கினார்கள். வகுப்பறையில் முதலில் பறிபோவது இதுதான். நேரமில்லை என்று ஆசிரியரே ஒருவரை நியமித்துவிடுகிறார். உள்ளங்கையைத் திருப்பிப் போட்டு சாட் பூட் த்ரீ சொல்லிப் பிரிவதில் பிள்ளைகளுக்கு ஆட்டத்தின் பாதி இன்பம் கிடைத்துவிடுகிறது. முடிவு நியாயமானது என்ற நம்பிக்கையும் வந்துவிடுகிறது.

காக்கா பற, குருவி பற என்று சொல்லிக்கொண்டே போய் நடுவில் மாடு பற என்று ஏமாற்றும் ஆட்டம் கைகழுவும் வரிசைக்குக் கச்சிதமாகப் பொருந்தும். நின்ற இடத்திலேயே ஆடலாம். கை மட்டும் உயர்ந்தால் போதும். எழுந்துவிட்ட கையை அடக்குவதுதான் இதன் சூட்சுமம். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேகன் மெக்லெலண்டும் சக ஆய்வாளர்களும் பள்ளி சேரும் வயதுப் பிள்ளைகளின் தன்கட்டுப்பாட்டை அளக்கப் பயன்படுத்தும் சோதனை கிட்டத்தட்ட இதே வகை. தலையைத் தொடு என்றால் கால்விரலைத் தொட வேண்டும். கால்விரலைத் தொடு என்றால் தலையைத் தொட வேண்டும். இதற்கும் பொருள் எதுவும் வேண்டாம்.

ஆனால் வழக்கமாக இந்த ஆட்டத்தில், தவறாகக் கை தூக்கியவர் அவுட். யாருக்கு இந்தப் பயிற்சி அதிகம் தேவையோ அவர்தான் முதலில் வெளியே போய் உட்காருகிறார். நன்றாகச் செய்யும் நாலு பேர் கடைசிவரை பயிற்சி பெறுகிறார்கள். இதை மாற்றுவது எளிது. தவறியவரை வெளியேற்றாமல், அடுத்த பறவையின் பெயரைச் சொல்லும் உரிமையை அவருக்குக் கொடுக்கலாம். மற்றவரை ஏமாற்ற வேண்டுமானால் அவர் யோசித்தாக வேண்டும். காது கேளாத பிள்ளை இருக்கும் வகுப்பில் பெயரோடு சைகையும் சேர்த்துக் காட்டினால் அவரும் ஆட்டத்தில் இருப்பார்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 3 முதல் 4 வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்து இயங்க வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. திரை முன் உட்கார்ந்திருக்கும் நேரம் ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. அமைதிப்படுத்துவதற்காக செல்பேசியை நீட்டும் பழக்கம் வீடுகளைத் தாண்டி மையங்களுக்குள்ளும் வந்துவிட்ட நிலையில், பணியாளர்கள் இந்த எண்களை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். பொருள் இல்லாமல் ஆடலாம் என்பதை, பொருள் வாங்கித் தரத் தேவையில்லை என்று நிர்வாகம் திரித்துப் படித்துவிடக் கூடாது. பந்தும் கட்டைகளும் கற்றுத்தருவதை இந்த ஆட்டங்கள் ஈடுசெய்யா. ஓடிப்பிடிக்கும் ஆட்டத்துக்குப் பொருள் வேண்டாம், இடம் வேண்டும். வாடகை வீட்டின் ஒற்றை அறையில் இயங்கும் மையத்தில் கல்லா மண்ணாவுக்கு வழி ஏது? விளையாடுவதைப் பிள்ளையின் உரிமையாகச் சொல்லும் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவை இந்தியா 1992இலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. முற்றம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்தபோது பகலாட்டு, இரவாட்டு, இருபொழுதாட்டு என்று பொழுதை வைத்தும் பகுத்தார். எப்போது ஆடப்படுகிறது என்பதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டது பணியாளர்களுக்கு நல்ல முன்மாதிரி. ஒவ்வொரு மையமும் தன் நாளின் காலி நேரங்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆட்டங்களைத் தயாராக வைத்திருக்கலாம்: வரிசைக்கு இரண்டு, மழைக்கு இரண்டு, சாப்பாடு முடிந்து தூங்கப் போகும் முன் குரல் தாழ்த்தி ஆட இரண்டு. அந்தந்த ஊர்ப் பாட்டிமாரைக் கேட்டால் கையேட்டில் இல்லாதவை நிறையக் கிடைக்கும். அப்படிக் கிடைப்பவற்றை இவ்விதழுக்கு எழுதும்போது, ஆட்டத்தின் விதிகளோடு எத்தனை பிள்ளைகள் ஆடினார்கள், எவ்வளவு இடம் பிடித்தது, எத்தனை பேர் முறைக்காகக் காத்து நின்றார்கள் என்பதையும் குறித்து அனுப்புங்கள்.