அழைப்பிதழில் அழகெழுத்து

திருவிழாவின் முதல் தரிசனம் பக்தர்களுக்கு அழைப்பிதழிலேயே கிடைத்துவிடுகிறது. கொடியேற்றத்திற்குப் பல நாள் முன்னரே அது இல்லம் வந்து சேர்கிறது. பூசையறையில் சுவாமி படத்தின் அருகே இடம் பெறுகிறது. விழா முடிந்த பின்னும் அதனை எறிய மனமின்றிப் பல்லாண்டு காத்து வைப்போர் உண்டு. இத்தகைய ஏட்டில் எந்த எழுத்து இடம்பெற வேண்டும் என்பதை மட்டும் ஆலய நிர்வாகத்தினர் பலர் அச்சகத்தாரின் விருப்பத்திற்கே விட்டுவிடுகின்றனர்.

மலேசிய, சிங்கப்பூர் ஆலய அழைப்பிதழ்கள் பல இருமொழியில் வெளிவருபவை. அவற்றின் ஆங்கிலப் பக்கத்தில், ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தைத் தொட்டு ஓடும் சாய்வான அழகெழுத்தைக் காணலாம். இவ்வகையில் உலகெங்கும் பெயர் பெற்றது ‘ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்’. மேத்யூ கார்ட்டர் என்னும் ஆங்கிலேய வடிவமைப்பாளர் 1965-இல் லைனோடைப் நிறுவனத்திற்காக இதனை உருவாக்கினார். 1694-இல் நூல் வெளியிட்ட சார்லஸ் ஸ்னெல் என்னும் எழுத்தாசானின் கையெழுத்தே இதற்கு மூலம்.

அக்கால எழுத்தாசான்கள் இறகுப் பேனாவால் எழுதினர். பேனா கீழிறங்கும்போது கோடு தடிக்கும். மேலேறும்போது மயிரிழையாய் மெலியும். அவர்கள் எழுதியதைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டனர். ஆனால் ஈய அச்செழுத்தில் இந்த அழகைக் கொண்டுவருவது எளிதாக இருக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனிச் சதுரக் கட்டையில் நிற்பதால், சாய்ந்து நீளும் பகுதி கட்டைக்கு வெளியே துருத்தி ஒடிந்துவிடும். ஒளிப்பட முறையில் எழுத்துக் கோக்கும் இயந்திரங்கள் வந்த பிறகே அத்தடை நீங்கியது. கார்ட்டரின் எழுத்து அந்தப் புதிய முறைக்காகவே பிறந்தது.

ஸ்னெல், கட்டற்ற சுழிப்பை விட அளவும் ஒழுங்கும் உடைய எழுத்தையே வலியுறுத்தியவர். அவர் பெயர் தாங்கிய எழுத்தை இன்று கையாளும் முறையில் அந்த ஒழுங்கைக் காண்பது அரிது. இவ்வகையின் பெரிய எழுத்துகள் ஒரு சொல்லின் தொடக்கத்தில் தனித்து நிற்பதற்காக வரையப்பட்டவை. அவற்றைக் கொண்டே இறைவியின் திருநாமம் முழுவதையும் கோத்தால், சுழிகள் ஒன்றோடொன்று மோதித் திருநாமம் புதருக்குள் மறைந்த கோபுரம்போல் ஆகிவிடுகிறது. மயிரிழைக் கோடுகளைச் சிவப்புத் தாளில் பொன்னிறத்தில் அச்சிடுவதும், பின்னர் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவதும் எஞ்சியதையும் அழிக்கின்றன.

தமிழ்ப் பக்கத்தின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. ஆங்கிலத்திற்கு ஈடாக இருக்கட்டும் என்று, நேராக நிற்கும் தமிழ் எழுத்தைக் கணினியில் வலிந்து சாய்க்கின்றனர். தமிழின் அழகு வேறு வழியில் வந்தது. எழுத்தாணி பனையோலையைக் கீறிச் செல்கையில் ஏற்றத்திலும் இறக்கத்திலும் கோட்டின் பருமன் பெரிதும் மாறுவதில்லை. நேர்க்கோடு ஓலையைக் கிழித்துவிடும் என்பதால் எழுத்துகள் வளைவு பெற்றன என்றும் கூறுவர். வாசலில் இடும் கம்பிக் கோலத்தின் அழகும் இதுவே அன்றோ! ஒரே பருமனுள்ள கோடு, புள்ளிகளைச் சுற்றித் திரும்புகிறது. பேனாவின் தடிப்பையும் மெலிவையும் இதன்மீது ஏற்றினால் ‘ண’வின் சுழிகள் நசுங்குகின்றன, மெய்யெழுத்தின் புள்ளி எங்கோ தொலைகிறது.

இதில் பொருளும் கெடுகிறது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு சுழிதான். எகரக் குறிலையும் ஏகார நெடிலையும் எழுத்தில் இவ்வாறு பிரித்துக் காட்டிய பெருமை வீரமாமுனிவரைச் சேரும் என்பர். அலங்கார எழுத்தில் அந்தச் சுழி மங்கினால் முருகனின் ‘வேல்’ ‘வெல்’ ஆகிவிடும். தைப்பூச அழைப்பிதழில் இப்பிழை நேர்ந்தால், அதனைக் கையில் ஏந்தும் அடியார் என்ன நினைப்பார்? உபயகாரரின் பெயரிலும் இத்தகைய சிதைவு நேர்கிறது. பெற்றோர் நினைவாக உபயம் ஏற்றவர், அவர்களின் பெயரை அழைப்பிதழில் தேடிக் கண்டுபிடிக்க நேர்வது சிறிய குறையன்று.

அழகெழுத்தே கூடாது என்பதன்று. மேலட்டையில் திருநாமத்திற்கும், விழாவின் பெயருக்கும், சொல்லின் முதலெழுத்தை மட்டும் பெரியதாக வைத்துத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தமிழுக்கு ஈடு வேண்டுமெனில், கையெழுத்தில் தேர்ந்த ஓவியர் ஒருவரைக் கொண்டு திருநாமத்தை எழுதச் செய்து அதையே அச்சிடலாம். ஒருமுறை எழுதியது அந்த ஆலயத்திற்குப் பல்லாண்டு பயன்படும். நாள், நேரம், பூசை விவரம், உபயகாரர் பட்டியல் ஆகியவை மட்டும் நேரான, தெளிவான எழுத்திலேயே நிற்கட்டும்.

அச்சகத்தாரிடம் ஒப்புதல் அளிக்குமுன், மாதிரிப் படி ஒன்றை உண்மை அளவிலேயே பெற்று, நிர்வாகத்தில் இல்லாத மூத்த அடியார் ஒருவரிடம் கொடுத்து, சங்காபிஷேகம் எத்தனை மணிக்கு என்று கேட்டுப் பார்க்கலாம். அவர் அழைப்பிதழை விளக்கருகே கொண்டுசென்று கண்களைச் சுருக்குவாராயின், எழுத்தை மாற்றுவதற்கு அப்போதும் காலம் இருக்கும்.